விடுமுறைக்கு வீட்டு டாஃபி: பாட்டியின் பதமும் தெர்மாமீட்டரும்

டிசம்பர் பிறந்துவிட்டால் நாக்பூர்த் தமிழர் வீடுகளில் மூன்று காரியங்கள் தவறாமல் நடக்கும். ஸ்வெட்டர்கள் பெட்டியை விட்டு வெளியே வரும். ஆரஞ்சு கூடைக்கணக்கில் வீட்டுக்குள் நுழையும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பேரன் பேத்திகள் வந்து இறங்குவார்கள். முதல் இரண்டு நாள் கொண்டாட்டம். மூன்றாம் நாள் காலையிலேயே "போர் அடிக்குது" என்ற பல்லவி தொடங்கிவிடும். அவர்கள் கையிலிருக்கும் செல்போனைப் பிடுங்கினால் வீடு போர்க்களமாகும். பிடுங்காவிட்டால் வீட்டில் குழந்தை இருப்பதே தெரியாது.

இதற்கு ஒரு நல்ல மாற்று, ஒரு பிற்பகலை ஒதுக்கி வீட்டிலேயே டாஃபி செய்வது. கால் கிலோவுக்கும் குறைந்த சர்க்கரை, ஒரு சிறிய பாக்கெட் வெண்ணெய், அரை மணி நேர அடுப்பு வேலை. இவ்வளவுதான் முதலீடு. கடையில் கிடைக்காத ருசி, குழந்தைகளுக்கு ஒரு விஞ்ஞான பாடம், பெரியவர்களுக்குப் பேச ஒரு சந்தர்ப்பம் ஆகியவை லாபம்.

சமையல் குறிப்பு எழுத ஒரு ரயில்வேக்காரனுக்கு என்ன யோக்யதை என்று சகோதரிகள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. சிவில் டிப்ளமா முடித்து, இருப்புப் பாதைப் பராமரிப்பில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் உழைத்தவன் நான். தண்டவாளத்தின் உஷ்ணத்தைத் தினமும் அளப்பது எங்கள் தொழிலில் ஒரு கடமை. விதர்ப்பா வெயிலில் தண்டவாளம் 60 டிகிரியைத் தாண்டும். அந்த உஷ்ணத்தைக் கவனிக்காமல் பாதையைத் தொட்டால் ஆபத்து. சர்க்கரைப் பாகும் அதே ஜாதி. உஷ்ணம் தெரிந்தால் அடங்கும்; தெரியாவிட்டால் அடம் பிடிக்கும்.

டாஃபி நமக்கு அந்நியமா?

டாஃபி என்ற பெயர் இங்கிலாந்திலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே சர்க்கரை மலிந்தபோது வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சும் பழக்கம் வீட்டுக்கு வீடு பரவியது. நம் நாட்டில் அது ரயில்வே காலனிகள் வழியாகவும் வந்தது. கரக்பூர், ஜான்சி, அசன்சோல், நம் பெரம்பூர், பொன்மலை, போத்தனூர் என்று ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைந்திருந்த காலனிகளில் கிறிஸ்துமஸ் என்றால் கேக்கோடு கல்கல், ரோஸ் குக்கி, டாஃபி எல்லாம் வரும். தட்டு மூடிய துணியோடு அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அவை பயணம் போகும். தீபாவளிக்கு நம் முறுக்குத் தட்டு எதிர்த் திசையில் போகும். கரக்பூரில் எங்கள் பக்கத்து வீட்டு டிரைவரின் மனைவியிடம்தான் என் மனைவி பால் டாஃபி கற்றுக்கொண்டார்.

ஆனால் பெயர்தான் ஆங்கிலம். பொருள் நமக்குப் பழையது. பெட்டிக் கடை ஜாடியில் இருந்த கமர்கட்டு என்ன? வெல்லமும் தேங்காயும் சேர்ந்த நம்மூர் டாஃபி. 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் என்ன? முற்றிய பாகில் பிடித்த நிலக்கடலை. இங்கே லோனாவ்லா சிக்கி, மொரேனா கஜக், சங்கராந்திக்கு மராத்திய வீடுகளில் தரும் தில்குள் எல்லாம் ஒரே குடும்பம். இவை எல்லாவற்றுக்கும் உயிர் ஒரே இடத்தில் இருக்கிறது. அதை நம் வீட்டில் ஒரே சொல்லில் சொல்வார்கள்: பதம்.

பதம் என்றால் என்ன?

சர்க்கரையில் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைக்கிறோம். தண்ணீர் ஆவியாகப் போகப் போகப் பாகு கெட்டியாகிறது. கெட்டியாக ஆக, அது கொதிக்கும் உஷ்ணமும் ஏறுகிறது. ஆகவே பாகின் உஷ்ணம் தெரிந்தால், அதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று தெரிந்துவிடும். முழு ரகசியமும் இதுதான்.

103 முதல் 106 டிகிரி வரை கம்பிப் பாகு. விரல்களுக்கு இடையே இழை இழுக்கும். மைசூர்பாகு இந்த வட்டாரம். 112 முதல் 116 வரை இளம் உருட்டுப் பதம். குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருட்ட வரும், அழுத்தினால் அமுங்கும். பால் டாஃபிக்கு இது போதும். 121 முதல் 130 வரை கெட்டி உருட்டுப் பதம். உருண்டை அழுத்தமாக நிற்கும். 132 முதல் 143 வரை பாகு தண்ணீரில் நூலாக இறுகும். வளைத்தால் வளைந்து பிறகு ஒடியும். 146 முதல் 154 வரை முற்றிய பதம். வளையாது, "டக்" என்று உடையும். இந்நிலையில் பாகில் தண்ணீர் நூற்றுக்கு ஒரு பங்குதான் இருக்கும். வெண்ணெய் டாஃபிக்கு இதுவே பதம். 160ஐத் தாண்டினால் சர்க்கரை கருகத் தொடங்கும்.

இதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. 110லிருந்து 120 வரை ஏறப் பாகு வெகுநேரம் எடுத்துக்கொள்ளும். "ஏறவே மாட்டேன் என்கிறதே" என்று அலுப்புத் தட்டும். 135க்கு மேல் தண்ணீர் தீர்ந்துவிட்டதால், உஷ்ணம் வேகமாக ஓடும். கடைசி 15 டிகிரி ஏறச் சில நிமிடமே போதும். அந்த நேரத்தில் தொலைபேசி மணி அடித்தால் அடிக்கட்டும்.

தேவையான பொருட்கள்

சர்க்கரை 200 கிராம். வெண்ணெய் 100 கிராம். கடையில் விற்கும் அமுல் உப்பு வெண்ணெயே நல்லது. உப்பில்லாத வெண்ணெயானால் இரண்டு சிட்டிகை உப்பு சேர்க்கவும். தண்ணீர் கால் கப். எலுமிச்சைச் சாறு அரை டீஸ்பூன். விருப்பமானால் ஏலப்பொடி ஒரு சிட்டிகை, வறுத்து ஒடித்த முந்திரி ஒரு கைப்பிடி.

எலுமிச்சை எதற்கு என்று குழந்தைகள் கேட்பார்கள். சர்க்கரைக்குத் தன் பழைய படிக உருவத்துக்கே திரும்பிப் போக ஆசை. ஒரு மணி படிகமானால் பக்கத்தில் உள்ளவையும் அதைப் பின்பற்றிப் பாத்திரம் முழுவதும் மணல் மணலாகிவிடும். புளிப்பு சேர்த்துக் கொதிக்க வைத்தால் சர்க்கரையில் ஒரு பகுதி குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாகப் பிரியும். வேறு வேறு உருவமுள்ள இந்தத் துகள்கள் நடுவில் நின்று மற்றவை வரிசை கட்டாமல் தடுக்கும். வெண்ணெயும் ஓரளவு இதே வேலையைச் செய்கிறது.

பாத்திரம் அடி கனமான எவர்சில்வராக இருக்கட்டும். பாகு நுரைத்துப் பொங்கும். ஆகவே பொருளின் அளவைப்போல் மூன்று மடங்கு கொள்ளளவு வேண்டும். நீண்ட மரக்கரண்டி ஒன்று. ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் சதுரத் தட்டு ஒன்று. நெய் தடவித் தயாராக வைக்கவும். ஒரு கிண்ணத்தில் நல்ல குளிர்ந்த தண்ணீர். சர்க்கரைப் பாகுக்கான தெர்மாமீட்டர் 200 டிகிரி வரை காட்டும். கேக் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டரை இதற்குத் தொடவே கூடாது.

செய்முறை

சர்க்கரை, தண்ணீர், எலுமிச்சைச் சாறு மூன்றையும் பாத்திரத்தில் போட்டு மிதமான தீயில் வைக்கவும். சர்க்கரை முழுவதும் கரையும் வரை கிளறவும். கொதி வருமுன் ஒரு மணிகூட மிச்சம் இருக்கக் கூடாது. பாத்திரத்தின் உட்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் மணிகளை ஈரத் துணி சுற்றிய கரண்டியால் வழித்து உள்ளே தள்ளவும்.

கரைந்ததும் வெண்ணெயைத் துண்டுகளாகப் போடவும். உருகிக் கலந்து கொதி வந்தபின் தீயை மிதமாகவே வைக்கவும். இனி வேகமாகக் கலக்க வேண்டாம். அடிப்பிடிக்காமல் மெதுவாகப் பாத்திரத்தின் அடியைத் தடவிக்கொண்டே இருந்தால் போதும். தீயைக் கூட்டிக் கூட்டிக் குறைத்தால் வெண்ணெய் பிரிந்து எண்ணெயாக மேலே மிதக்கும். அப்படிப் பிரிந்தால் அடுப்பிலிருந்து இறக்கி, ஒரு மேஜைக்கரண்டி வெந்நீர் விட்டு, ஆவி முகத்தில் அடிக்காமல் தள்ளி நின்று கிளறவும். பெரும்பாலும் மறுபடி சேர்ந்துவிடும்.

நிறம் வெண்மையிலிருந்து மஞ்சளாகி, பிறகு காபி டிகாக்ஷனில் நிறையப் பால் விட்ட நிறத்துக்கு வரும். 140 காட்டும்போதே தீயைச் சிறிதாக்கவும். 148ல் இறக்கி, ஏலப்பொடியும் முந்திரியும் சேர்த்து ஒரே சுற்றுச் சுற்றி உடனே தட்டில் கொட்டவும். தட்டை மரப்பலகை அல்லது மடித்த துணி மேல் வைக்கவும். ஐந்து நிமிடம் போல் ஆறி, மேலே தோல் கட்டியதும், நெய் தடவிய கத்தியால் ஆழமாகக் கோடு போடவும். 6க்கு 6 என்று போட்டால் 36 துண்டு வரும். முற்றிலும் ஆறியபின் கோட்டின் மேல் ஒடித்தால் அழகாக உடையும்.

தெர்மாமீட்டரின் முனை பாகுக்குள் இருக்கட்டும், அடிப்பாத்திரத்தைத் தொடக்கூடாது. தண்டவாளத்தின் உஷ்ணம் வேறு, அதன்மேல் வீசும் காற்றின் உஷ்ணம் வேறு என்று புதிதாய் வரும் பையன்களுக்கு நாங்கள் சொல்வோம். இங்கேயும் அப்படித்தான். பாத்திரத்தின் உஷ்ணம் பாகின் உஷ்ணமல்ல.

ஊருக்கு ஊர் மாறும் கணக்கு

செய்வதற்கு முன் தெர்மாமீட்டரைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது கடல் மட்டத்துக்குத்தான் சரி. ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி குறையும். நாக்பூர் சுமார் 310 மீட்டர், இங்கே 99. பெங்களூரு 900 மீட்டருக்கு மேல், அங்கே 97. சிம்லாவில் 93க்கு அருகில். தண்ணீர் எத்தனை டிகிரி குறைவாகக் கொதிக்கிறதோ, மேலே சொன்ன எண்களிலும் அத்தனை குறைத்துக்கொள்ள வேண்டும். பெங்களூருவில் இருக்கும் மகளுக்குக் குறிப்பு எழுதி அனுப்பும்போது 148 என்பதை 145 என்று திருத்தி அனுப்புங்கள். தெர்மாமீட்டரே இரண்டு டிகிரி பொய் சொன்னாலும் இந்தச் சோதனையில் அதுவும் சேர்ந்தே பிடிபட்டுவிடும்.

இப்போது ஒரு விஷயம் கவனியுங்கள். பாட்டியின் தண்ணீர்க் கிண்ணத்துக்கு இந்தத் திருத்தம் ஒன்றும் தேவையில்லை. அது உஷ்ணத்தை அளக்கவில்லை. பாகின் கெட்டியையே நேராக அளக்கிறது. மலையானாலும் கடற்கரையானாலும் ஒரே பதில்தான். வெல்லத்துக்கு இது இன்னும் அவசியம். வெல்லத்துக்கு வெல்லம் குணம் மாறும். சீக்கிரம் கருகவும் செய்யும். அங்கே தெர்மாமீட்டரின் எண்ணை நம்புவதைவிடக் கிண்ணத்தை நம்புவதே உசிதம். இஞ்சினியராக ஒப்புக்கொள்கிறேன்: கார்த்திகைப் பொரிக்குப் பாகை உருட்டித் தட்டில் போட்டு "டங்" என்று சத்தம் கேட்ட நம் பாட்டிமார்கள் கையாண்டது சரியான தரப் பரிசோதனை.

ஆனால் அந்தப் பரிசோதனை எந்தப் புத்தகத்திலும் முழுமையாக ஏறவில்லை. கையிலிருந்து கைக்குத்தான் போகிறது. நம்மைப்போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் வீட்டில் அந்தக் கைகள் பக்கத்தில் இருப்பதில்லை. என் மாமியாரின் மனோகரத்துக்கு உறவினர் மத்தியில் பெயர் உண்டு. அவர் காலமானபின் அந்தப் பதம் குடும்பத்தில் யாருக்கும் அப்படியே வரவில்லை. என் மனைவிக்குத்தான் பாதியாவது கைவந்தது. இப்போது அவருக்கு மணிக்கட்டில் மூட்டுவலி. இருபது நிமிடம் தொடர்ந்து கிளற முடியாது.

சென்ற டிசம்பரில் குருகிராமிலிருந்து பத்து வயதுப் பேத்தி வந்திருந்தாள். தமிழ் புரியும், பதில் இந்தியில் வரும். நான் கிளறினேன். அவள் தெர்மாமீட்டரைப் பார்த்து எண் சொன்னாள். என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து, அவ்வப்போது நான் கிண்ணத்தில் விடும் சொட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். 115 என்றாள் பேத்தி. "உருண்டை வருது, ஆனா அமுங்குது" என்றார் பாட்டி. 128 என்றாள். "கெட்டியா இருக்கு. ஆனா கடிச்சா பல்லுல ஒட்டும்." 140. "வளையுது பாரு, இன்னும் வரலை." 147. "போதுங்க, இறக்கிடுங்க" என்றார் என்னிடம். நானும் பேத்தியும் குறித்து வைத்திருந்த இடத்துக்கு ஒரு டிகிரி முன்னால்! தெர்மாமீட்டரை அவர் பார்க்கவே இல்லை.

பேத்தி ஒரு நோட்டில் இரண்டு கட்டம் போட்டு, ஒன்றில் எண்ணும் மற்றொன்றில் பாட்டி சொன்னதும் எழுதிக்கொண்டாள். தமிழ் எழுத்து அவளுக்கு வராது. அமுங்குது, வளையுது, ஒட்டும், முறியுது எல்லாம் இந்தி எழுத்தில்தான் எழுதினாள். எழுத்து எதுவானால் என்ன? ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பாடமாக வைக்க முடியாத சொற்கள் அவை. சொட்டைத் தொட்ட விரலுக்குத்தான் "அமுங்குது" என்றால் என்னவென்று தெரியும். மறுநாள் "பாட்டி, இது அமுங்குது" என்று தலையணையை அழுத்திக் காட்டினாள். முழு வாக்கியமும் தமிழ்!

கமர்கட்டும் பால் டாஃபியும்

கமர்கட்டுக்கு 200 கிராம் வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டவும். வெல்லத்தில் மண் இருக்கும். வடிகட்டாமல் விடக் கூடாது. ஒன்றரைக் கப் தேங்காய்த் துருவலை ஈரம் போக வாணலியில் வறுத்து வைக்கவும். வெல்லப் பாகு கிண்ணத்தில் கெட்டி உருட்டுப் பதம் காட்டும்போது தேங்காயையும் இரண்டு டீஸ்பூன் நெய்யையும் போட்டுச் சுருளக் கிளறவும். மறுபடி ஒரு சிறு துளியைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கவும். உருண்டை கெட்டியாக நின்றால் இறக்கலாம். கை பொறுக்கும் சூட்டில் கையில் நெய் தடவி உருட்டவும். இந்தக் கட்டத்தில் குழந்தைகள் சேர்ந்துகொள்ளலாம். சூடு ஆறிவிட்டால் உருட்ட வராது. ஆகவே நாலு கை இருப்பது நல்லது.

பால் டாஃபிக்கு ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க், 200 கிராம் சர்க்கரை, 50 கிராம் வெண்ணெய், இரண்டு மேஜைக்கரண்டி தண்ணீர். சிறு தீயில் விடாமல் கிளற வேண்டும். பால் நொடியில் அடிப்பிடிக்கும். பாத்திரத்தை விட்டுத் திரண்டு வரும்போது இளம் உருட்டுப் பதம் பார்த்து இறக்கித் தட்டில் கொட்டவும். இதற்கு எலுமிச்சை சேர்க்கக் கூடாது, பால் திரிந்துவிடும். இலங்கைத் தமிழர் வீடுகளிலும் பால் டொஃபி என்று இது பிரசித்தம்.

கவனம், கவனம்

150 டிகிரிப் பாகு கொதிக்கும் தண்ணீரைவிடப் பொல்லாதது. தண்ணீர் வழிந்து ஓடிவிடும். பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே அடுப்பு வேலை பெரியவர்களுடையது. குழந்தைகள் அளப்பது, எண் படிப்பது, எழுதுவது, ஆறியபின் உருட்டுவது, காகிதம் சுற்றுவது ஆகியவற்றோடு நிற்கட்டும். பாத்திரத்தின் கைப்பிடி உட்பக்கம் திரும்பியிருக்கட்டும். "ருசி பார்க்கிறேன்" என்று கரண்டியில் விரல் வைக்க யாரையும் விடாதீர்கள். கிண்ணத்தில் குளிர்ந்த சொட்டே ருசி பார்க்க உரியது.

பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டவும். ஐஸ், பற்பசை, மஞ்சள், மை எதுவும் வேண்டாம். ஒட்டியதைப் பிய்க்கவும் வேண்டாம். கொப்பளம் பெரிதானாலும் முகம், கை, கண் என்று பட்டாலும் டாக்டரிடம் போகவேண்டும்.

ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குக் கடினமான டாஃபியும் முழு முந்திரியும் தரவேண்டாம், தொண்டையில் அடைக்கும். கட்டுப்பல் உள்ளவர்கள் பால் டாஃபியோடு நின்றுகொள்வது நலம். முன் சொன்ன 36 துண்டில் ஒவ்வொன்றிலும் ஒரு டீஸ்பூனுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை வியாதிக்காரர்கள் செய்வதில் முன்னாலும் சாப்பிடுவதில் பின்னாலும் இருக்கட்டும். நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன்.

எடுத்து வைப்பது

டாஃபி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். நம் நாக்பூர் டிசம்பர்க் காற்று வறண்டது. டாஃபிக்கு ஏற்ற காலம் இதுவே. மழைக்காலத்திலும், மும்பை, சென்னை போன்ற கடலோர ஊர்களிலும் ஆறிய உடனே சுற்றி மூடிவிட வேண்டும். பட்டர் பேப்பரில் தனித்தனியாகச் சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் இரண்டு வாரம் நன்றாக இருக்கும். கமர்கட்டைத் தேங்காய் சிக்கு வாடை வருமுன் ஒரு வாரத்தில் தீர்த்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும். பாத்திரத்தைச் சுரண்டிச் சிரமப்பட வேண்டாம். தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விட்டால் ஒட்டியது தானே கரைந்து வந்துவிடும்.

கிறிஸ்துமஸ் முடிந்தால் அடுத்தது சங்கராந்தி. அன்று பக்கத்து வீட்டு மராத்தியச் சகோதரி எள்ளும் வெல்லமும் சேர்ந்த தில்குள் தந்து, இனிமையாகப் பேசுங்கள் என்று வாழ்த்துவார். அன்றே நமக்குப் பொங்கல். இந்த ஆண்டு சர்க்கரைப் பொங்கலோடு நாலு கமர்கட்டும் தட்டில் வைத்துக் கொடுத்துப் பாருங்கள். தில்குளுக்கு அவர் எப்படிப் பதம் பார்க்கிறார் என்றும் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயும் ஒரு தண்ணீர்க் கிண்ணம் இருக்கும்.

கடைசியாக, வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் செய்யும் அதிரசம், மனோகரம், பொரி உருண்டை எதுவானாலும் சரி, இந்த விடுமுறையில் ஒருமுறை பேரக் குழந்தையைப் பக்கத்தில் நிறுத்திச் செய்யச் சொல்லுங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் எண்ணையும், அவர்கள் வாயால் சொல்லும் சொல்லையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக எழுதி வையுங்கள். எண் மட்டும் இருந்தால் ருசி வராது. சொல் மட்டும் இருந்தால் அடுத்த தலைமுறைக்குப் புரியாது. இரண்டும் சேர்ந்தால் பதம் தவறாது.